ரோஸியின் அறை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். மருமகளும் பேத்தியும் நலம்தானே? பேத்திக்குச் சளி விட்டதா என்று எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதோடு அது அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. உன் அலுவலகத்தில், கிங்க்ஸ் என்கிற அந்த இங்கிலாந்து இசைக்குழுவின் பைத்தியங்கள் நான்கு பேர் இருக்கிறார்களாம். உன்னையும் சேர்த்து ஐவர், ஆளுக்குப் பிடித்த ஐந்து பாட்டு எழுதிக் கொடுத்துச் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஐந்து பட்டியலிலும் முதலிடம் 'வாட்டர்லூ சன்செட்'. அப்புறம் எதற்குச் சண்டை என்று தெரியவில்லை. நீ சும்மா இராமல், "எங்கள் அம்மா 1967இலிருந்து கேட்கிறார்" என்று பெருமையடித்துவிட்டு வந்து என்னிடமும் ஐந்து கேட்கிறாய். நான் எழுதிக்கொண்டே போகிறேன், நீ எண்ணிக்கொள்.

பெரிய மாமா கப்பலில் ரேடியோ ஆபிசராக இருந்தது உனக்குத் தெரியும். லண்டனுக்குப் போய்வந்த ஒரு நடையில், சூட்கேஸ் மாதிரித் திறந்து மூடுகிற ரெக்கார்டு பிளேயர் ஒன்றும், சட்டைகளுக்கு நடுவே சுற்றிவைத்த இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். எனக்குப் பதினான்கு வயது. தூத்துக்குடியில் இலங்கை வானொலி சுத்தமாகக் கேட்கும், அதில் ஆங்கிலப் பாட்டும் வரும். ஆனால் விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் முள்ளை வைத்துக் கேட்பது என்பது வேறு மாதிரியான செல்வம். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் பாட்டுக்கு உதவவில்லை. வார்த்தை புரியாமல் ஓசையை மட்டும்தான் முதல் ஆறு மாதம் கேட்டேன்.

அந்த ஓசையில் முதலாவது 'யூ ரியலி காட் மீ'. கிதார் இரண்டு சுரத்துக்குள்ளேயே முட்டி மோதிக்கொண்டு கிடக்கும். ஆச்சி அடுக்களையிலிருந்து வந்து, "மெஷின் கெட்டுப்போயிற்றா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரியென்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. குழுவில் அண்ணன் தம்பி இருவர், ரேயும் டேவும். தம்பி டேவ் டேவிஸ் தன் சின்னப் பச்சை நிற ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கிக் காகிதத்தைச் சவர பிளேடால் கீறிவிட்டிருக்கிறான். காகிதம் கிழிந்து படபடக்கும்போது வந்த கரகரப்புதான் அது. அவனுக்கு அப்போது பதினேழு வயது. அதற்கு முன் வெளியிட்ட இரண்டு தட்டுகளும் விலைபோகவில்லை. இந்த மூன்றாவதையும் முதலில் மெதுவாக, எதிரொலியெல்லாம் சேர்த்து வழவழப்பாகப் பதிவுசெய்தார்கள். பாட்டு எழுதிப் பாடுகிற அண்ணன் ரே அதை வெளியிட ஒப்பவே இல்லை, சண்டை போட்டு மறுபடி பதிவுசெய்ய வைத்தார். 1964 ஆகஸ்டில் வெளியாகி, அடுத்த மாதமே இங்கிலாந்தில் முதலிடம். நடுவில் வருகிற அந்தக் கிதார்த் துணுக்கை வாசித்தது பெரிய கிதார்க்காரர் ஜிம்மி பேஜ் என்று ஒரு கதை உலவுகிறது. உன் நண்பர்களில் யாராவது சொன்னால் நம்பாதே. பேஜே இல்லையென்று சொல்லிவிட்டார். கெட்டிக்காரத்தனமாகச் செய்தது தம்பி என்றால் உலகம் ஏன் வேறு ஆளைத் தேடுகிறதோ!

இரண்டாவதை உங்கள் ஐந்து பட்டியலிலும் யாரும் எழுதியிருக்க மாட்டீர்கள்: 'சீ மை ஃபிரண்ட்ஸ்'. 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா போகிற வழியில் பம்பாயில் இறங்கியிருக்கிறார்கள். விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போவது ரேயின் காதில் விழுந்தது. ஊருக்குத் திரும்பி, தம்புராவின் ரீங்காரம்போலக் கிதாரை இழுத்து, மேலே ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றிப் பாடி அந்த ஜூலையிலேயே வெளியிட்டார். பீட்டில்ஸ் சிதாரோடு வந்தது அந்த டிசம்பரில்தான். மாமா கொண்டுவந்த தட்டுகளில் என் காதுக்குச் சொந்தமாகப் பட்டது இதுதான். நம் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாவின் மெட்டு இதில் இல்லை, அந்த வேகமும் இல்லை. ஆனால் கூட்டமாகப் பாடுகிறவர்களைத் தூரத்தில் நின்று, காற்று மாறி மாறி அடிக்கக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

நண்பர்கள் ஆற்றுக்கு அக்கரையில் விளையாடுகிறார்கள், இவன் மட்டும் இக்கரையில் நிற்கிறான். பாட்டு அவ்வளவுதான். டேவிஸ் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். முதல் ஆறும் பெண், கடைசி இரண்டும் ரேயும் டேவும். அந்த அக்காமாரில் ஒருத்தி ரெனே, தம்பி ரேயின் பதின்மூன்றாம் பிறந்தநாளையொட்டி ஒரு கிதார் வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றிரவு நடனமாடப் போன இடத்திலேயே இதயம் நின்று இறந்துபோனாள். 1957இல் நடந்தது இது. இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்கரையில் நிற்பது அந்த அக்காதான். இந்த மனிதர் பாட்டில் தண்ணீர் வந்தால் யாரோ அக்கரைக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள், திரும்பி வருகிறேன்.

'சன்னி ஆஃப்டர்நூன்' நல்ல பாட்டுதான். வரிகட்டி நொந்துபோன பணக்காரன் வெயிலில் படுத்துக்கொண்டு புலம்புவதைப் பணக்காரர்களும் ரசிக்கும்படி எழுதியது சாமர்த்தியம். எனக்கு ஒட்டவில்லை. 'லோலா'வைப் பற்றி உன் அப்பா முன்னால் நான் பேசுவதில்லை. பாட்டின் விஷயத்தை விட்டுவிட்டு, அதில் ஒரு குளிர்பானத்தின் பெயர் விளம்பரம்போல வருகிறது என்று பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்ததும், அந்த ஒரு சொல்லை மாற்றிப் பாட ரே அமெரிக்காவிலிருந்து விமானத்தில் பறந்து வந்ததும் மட்டும் எனக்கு இன்றும் சிரிப்பு.

'தி வில்லேஜ் கிரீன் பிரசர்வேஷன் சொசைட்டி' வேறு. 1965இலிருந்து நான்கு வருடம் அமெரிக்காவில் மேடையேற இவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அங்குள்ள இசைக்கலைஞர்கள் சங்கம் கதவைச் சாத்திவிட்டது. மற்ற இசைக்குழுக்கள் எல்லாம் அமெரிக்கக் கனவு கண்டுகொண்டிருந்தபோது ரே தன் தெருவையே உற்றுப் பார்த்து எழுதினார். பீங்கான் கோப்பை, ஸ்ட்ராபெரி ஜாம், பழைய காலத்து வீடு, இவற்றையெல்லாம் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்திருப்பதாகப் பாட்டு. கேலியா, நிஜமா என்று கடைசிவரை பிடிபடாது. இதே பெயரில் வந்த முழுத் தட்டு 1968 நவம்பர் 22 அன்று, பீட்டில்ஸின் வெள்ளை அட்டை இரட்டைத் தட்டு வந்த அதே நாளில் கடைக்கு வந்து, சீந்துவாரில்லாமல் கிடந்தது. திருவிழா அன்றைக்குத் தேருக்கு எதிரே கடலைமிட்டாய் விற்றால் அப்படித்தான். நாம் பழைய வீட்டை விற்றபோது தேக்குத் தூண்களை யார் கொண்டுபோனார்கள் என்று நான் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீ எரிச்சல்பட்டாய். அந்தச் சங்கத்தில் நானும் உறுப்பினர் என்று வைத்துக்கொள்.

'டேய்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. 'நீ கொடுத்த நாட்களுக்கு நன்றி' என்கிற பாட்டு. அதைப் பதிவுசெய்த நேரத்தில்தான் பாஸ் கிதார்க்காரர் பீட் குவைஃபுக்கும் ரேக்கும் மனக்கசப்பு. அடுத்த வருடம் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். 2010இல் குவைஃப் இறந்தபோது கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் அழுகையை அடக்கிக்கொண்டு ரே இதே பாட்டைத்தான் அவருக்காகப் பாடினார். நாற்பது வருடம் கழித்து அந்த நன்றி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

இப்போது உங்கள் 'வாட்டர்லூ சன்செட்'. 1967 மே மாதம் வெளியாகி இரண்டாம் இடம்வரை போனது. சிறுவயதில் தொண்டையில் அறுவைசிகிச்சை செய்து ரே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கிடந்தபோது, தாதிகள் படுக்கையோடு தள்ளிக்கொண்டுபோய் மாடத்தில் வைத்து தேம்ஸ் நதியைக் காட்டினார்களாம். அதிலிருந்து இதுவரைக்கும் ஒரு ஜன்னல் திறந்தே இருந்திருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போகப் பிடிக்காத ஒருவன், ஜன்னல்வழியே ஆற்றையும் அஸ்தமனத்தையும் பார்த்து, இது போதும் என்கிறான். பின்னால் கேட்கிற அந்த உயரமான பெண்குரல் அவர் மனைவி ராசாவுடையது. 2012 ஒலிம்பிக் நிறைவுவிழாவில் ரே பாடியபோது நீயும் நானும் தொலைபேசியை வைக்காமலே சேர்ந்து பார்த்தோம், ஞாபகமிருக்கிறதா?

நான் அங்கே வந்திருந்தபோது நீ என்னை அந்த வாட்டர்லூ பாலத்துக்கு அழைத்துப்போனாயே. மாலை நாலரை மணி, நவம்பர் மாதம், இரண்டு சால்வை போட்டும் பல் கிட்டியது. தண்ணீர் நம் ஊர் மழைக்காலத்து ஓடைபோலக் கலங்கல். சூரியனைக் காணோம், மேகத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு மூலையில் குண்டுபல்பு மங்கியதுபோல ஒரு வெளிச்சம். ஸ்டேஷனிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒருவரும் ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான், "பாட்டில் வருகிற காதலர்கள் டெரியும் ஜூலியும் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போகிறார்கள்?" என்று கேட்டேன். நீ, "அம்மா, குளிருகிறது, நடம்மா" என்றாய்.

அதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. டெரியும் ஜூலியும் அந்தக் காலத்து இரண்டு சினிமா நட்சத்திரங்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரே பிற்பாடு மறுத்தார். தன் அக்கா ஒருத்தி தன் ஆளோடு புது நாட்டுக்குக் குடிபெயர்ந்து போகிற கற்பனைதான் அது என்றார். டெரி என்பது அவர் கூடவே வளர்ந்த அக்கா மகனின் பெயர். அந்த அக்கா ரோஸி. சிறுவயதில் ரே கொஞ்சகாலம் அவள் வீட்டிலேயே தங்கி வளர்ந்தார், ஆகவே அவள் பாதி அம்மா. 1964இல் ரோஸியும் கணவர் ஆர்தரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். பத்துப் பவுண்டு கட்டினால் கப்பல் ஏற்றி அனுப்புகிற திட்டம் அந்தக் காலத்தில் இருந்தது. பிறகு ஆர்தரின் பெயரிலேயே ரே 1969இல் ஒரு முழுத் தட்டு போட்டார். உங்கள் அஸ்தமனப் பாட்டில் காதலர்கள் ஆற்றைக் கடந்ததும் பத்திரமாக இருப்பதாக வருகிறது அல்லவா? அது பார்க்கிறவனின் ஆறுதல். அக்கரைக்குப் போனவளுக்கு நல்லது நடக்கட்டும் என்று இக்கரையில் இருப்பவன் சொல்லிக்கொள்வது.

'வாட்டர்லூ சன்செட்'டுக்கு முந்தைய வருடம், 1966இல், அதே பிரிவை ஆறுதல் எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறார். 'ரோஸி, வோன்ட் யூ ப்ளீஸ் கம் ஹோம்.' 'ஃபேஸ் டு ஃபேஸ்' தட்டில் இருக்கிறது, மாமா அதையும் கொண்டுவந்தார். தம்பி ரேயின் குரலில் இல்லை, தாயின் குரலில் எழுதியது. இதுதான் என் முதல் பாட்டு. உன் நண்பர்கள் சிரிக்கட்டும்.

ஏன் என்று கேட்பாய். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முள்ளைப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்த்தி ஒவ்வொரு வரியாக எழுதி எடுத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அது என் கையெழுத்தில் ஏற்கெனவே பல தடவை எழுதிய கடிதம்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமாவுக்கு ஏரோகிராமில் கடிதம் எழுதுவது நான். அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். வரிசை மாறவே மாறாது. முதலில் அறை: உன் கட்டிலைத் துடைத்து வெள்ளை விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன், யாரையும் படுக்க விடவில்லை. அடுத்தது சாப்பாடு: நீ வருகிற அன்றைக்கு விளைமீன் குழம்பு. மூன்றாவது குத்தல்: துரைமாரோடு பழகுகிறவன், எங்களையெல்லாம் நினைக்க உனக்கு நேரம் ஏது? ரோஸியின் தாயும் அதே மூன்றையும்தான் சொல்கிறாள். அறை சுத்தமாகக் காலியாக இருக்கிறது, வந்தால் கேக் சுட்டுத் தருகிறேன், பெரிய இடத்து ஆளாகிவிட்டாய், எங்களைத் தெரியவில்லை. லண்டன்காரி ஒருத்தி ஆச்சியிடம் பாடம் படித்தாளோ என்று இருந்தது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. அந்த மூன்றாவதை நான் பல கடிதங்களில் எழுதாமல் விட்டுவிடுவேன். படிக்கத் தெரியாததால் ஆச்சிக்குத் தெரியாது. ஒரே ஒருமுறை, எனக்கும் அண்ணன்மேல் ஏதோ கோபம், அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி ஒட்டினேன். அந்த வருடம் பொங்கலுக்கு மாமா வரவில்லை. கடிதம் காரணமா, கப்பல் காரணமா என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ரோஸி பதில் எழுதினாளா என்று அதில் வராது.

சரி, உன் அறையைப் பற்றி: காலியாகவும் இல்லை, சுத்தமாகவும் இல்லை. கட்டில்மேல் மிளகாய் வற்றல் பரப்பியிருக்கிறது. அதன் கீழே இரண்டு மூட்டை அரிசி. அப்பா டாக்டர் சொன்னார் என்று வாங்கி ஒன்பது நாள் ஓட்டிய உடற்பயிற்சி சைக்கிள் ஜன்னலை மறைத்து நிற்கிறது, அதில் துண்டு காய்கிறது. உன் மேசையில் என் தையல் மெஷின். வருவதாக இருந்தால் பத்து நாள் முன்னால் சொல், மூட்டையை நகர்த்த ஆள் பிடிக்க வேண்டும்.

மக்ரூன் இரண்டு டின் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று அலுவலகத்துக்கு. டின்னைச் சாய்க்காமல் திற, நொறுங்கிவிடும்.

ஐந்து பாட்டு தேறிவிட்டதா?

அன்புடன்,
அம்மா