வால்டியூப் கொண்டுவந்த அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

ராத்திரி மழையில் மைதானம் சேறாகிப்போனது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் பழைய சைக்கிள் கண்காட்சி காலையில் சொன்ன நேரத்துக்குத் திறந்தது என்றால், அது எங்கள் குழுவின் சாமர்த்தியமல்ல.

முதல் நன்றி, சந்தை முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. யாரும் கூப்பிடாமலே பம்பும் ஒரு கட்டு வால்டியூப்பும் (வால்வின் மேல் ஏற்றி, அடித்த காற்று திரும்பாமல் அடைக்கும் மெல்லிய ரப்பர் குழாய்) எடுத்து வந்தார். பழைய ராலே, ஹெர்குலிஸ் வண்டிகளில் பஞ்சரே இல்லாமல் காற்று இறங்குவது பெரும்பாலும் வால்டியூப் காய்ந்து வெடிப்பதால்தான். காற்றில்லாமல் நிறுத்தினால் பாரமெல்லாம் ஒரே மடிப்பில் விழுந்து டயரின் பக்கவாட்டு கிழியும். அந்தக் காலத்து டயர் போனால் போனதுதான். (புதிது வாங்குகிறவர்கள் '28' என்று மட்டும் கேட்காதீர்கள். 700சி டயரைக் கொடுத்துவிடுவார்கள். அது ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மி.மீ., நம் 28 x 1½ ரிம்முக்கு வேண்டியது 635.)

அண்ணன் ஒவ்வொரு வால்வாக உருவி, துருவைச் சுரண்டி, ஓர் அங்குல வால்டியூப்பை நனைத்து, பக்கத்து ஓட்டை மூடும்வரை ஏற்றினார். ஈரமில்லாமல் இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். திருகை விரலாலேயே முடுக்கி, காற்றடித்து, வால்வு முனையில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பழைய டயர்களுக்கு அரைக் காற்றுதான். வால்டியூப்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

ஸ்டாண்டுகள் சேற்றில் புதையாமல் சென்ட்ரிங் பலகை தந்தவர்கள், நனைந்த தோல் சீட்டுகளை வெயிலில் காட்டாமல் நிழலில் உலர்த்தியவர்கள், குழந்தைகளின் விரல் செயினுக்குள் போகாதபடி கயிறு பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், இரட்டை ஃபிரேம் வண்டியின் வெல்டிங்கில் மயிரிழை விரிசலைப் பார்த்துவிட்டு 'இதை யாரும் ஓட்ட வேண்டாம்' என்று தடுத்த பட்டறைக்காரர் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த கண்காட்சியின் பதிவுப் படிவத்தில் 'வால்டியூப் மாற்றியாயிற்றா?' என்ற கேள்வி கட்டாயம் இருக்கும்.

வண்டி நனைந்தவர்கள் சீட்டைக் கம்பியோடு கழற்றிவிட்டு ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் அச்சுக் கூட்டில் தேங்கிய தண்ணீர் அப்போதுதான் வடியும். பால்ரஸைப் பார்க்கக் கோட்டர் பின்னை (பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் ஆப்பு) கழற்றுவதானால், அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியால் அடிக்காதீர்கள். பால்ரஸ் உட்காரும் கப்பில் தழும்பு விழும். கையில் வராவிட்டால் சந்தை முக்குக் கடைக்கே கொண்டுபோங்கள், இந்தத் தடவை கூலியும் கொடுத்துவிட்டு வாருங்கள்.