கலப்பைக் கிழங்குப் பலகையில் இன்னொரு வரி

பள்ளிகளில் மூலிகைத் தோட்டம் போடும் கொங்குநாட்டு ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மருந்தாளுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூலனூர்ப் பக்கம் கண்வலிப் பண்ணையம் பார்ப்பவன் எழுதுகிறேன். கண்வலி, கலப்பைக் கிழங்கு, செங்காந்தள் எல்லாம் ஒரே செடிதான்.

போன மாதம் பேத்தியின் பள்ளித் தோட்டத்தைப் பார்த்தேன். துளசி, ஆடாதோடை, தூதுவளை, எல்லாம் செழிப்பு. வேலியோரம் செங்காந்தள். பலகையில் 'மாநில மலர், மூட்டுவலி தீர்க்கும்' என்று மட்டும் இருந்தது. எனக்குப் பகீரென்றது. கிழங்கென்றால் தோண்டிச் சுட்டுத் தின்னும் வயது அது!

எங்கள் காட்டில் காலையில் பூப்பூவாய் மகரந்தம் தடவிவிட்டுக் கைகழுவாமல் நீராகாரம்கூடக் குடிக்கமாட்டோம். காய் உடைக்கும் நாட்களில் பிள்ளைகளைக் களத்துக்குள் விடுவதில்லை. விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளுக்காகத்தான் மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன. உயிரை எடுப்பதும் அதே கோல்ச்சிசின்தான்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கத் தொடங்குவதே 'ஒண்செங் காந்தள்' என்றுதான். புலவருக்கு அழகு போதும், வைத்தியருக்குப் போதாது. ஆயுர்வேதம் இதை லாங்கலி என்கிறது (லாங்கலம் என்றால் கலப்பை; அங்கேயும் கலப்பைதான்!); பாதரச மருந்துகளைச் சொல்லும் இடைக்கால ரச நூல்கள் உபவிஷங்களின், அதாவது துணை நஞ்சுகளின், வரிசையில் சேர்த்தன. சித்த மருத்துவத்தில், உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்தி நஞ்சைக் குறைக்கும் 'சுத்தி' முடியாமல் கிழங்கு மருந்தாகாது. அதுவும் கைதேர்ந்தவர் செய்யும் வேலை, வீட்டில் செய்துபார்ப்பதல்ல.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் மூலிகை நூல் எழுதிய தியாஸ்கோரிடீஸ் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் பேசியது நம் கிழங்கையல்ல, கோல்ச்சிசின் உள்ள இன்னொரு செடியான கோல்ச்சிக்கத்தை. சுவையில் மயங்கி, தின்னும் கிழங்கென்று நினைத்து யாரும் தின்றுவிடக்கூடாது என்பதற்காகவே அதைப் பற்றி எழுதுவதாகச் சொல்கிறார். ஏறக்குறைய 500 ஆண்டு கழித்து, 6ஆம் நூற்றாண்டில்தான் திரால்லெஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற வைத்தியர் அந்த இனத்துக் கிழங்கை 'கவுட்' என்னும் மூட்டு நோய்க்குப் பரிந்துரைத்தார். பிரான்சில் அதன் சத்தைப் பிரித்தெடுத்தது 1820இல். எச்சரிக்கை முதலில் வந்தது, மருந்து பின்னால் வந்தது. உங்கள் பலகையில் பின்னால் வந்தது மட்டும் இருக்கிறது.

செடியை வெட்டச் சொல்லவில்லை. கார்த்திகையில் அதன் பூவைப் பார்க்காத கண்ணும் ஒரு கண்ணா? வேலிக்கு அந்தப்புறம் நட்டு, 'கொடிய நஞ்சு, தொடாதே' என்று சிவப்பில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். எருக்கு, அரளி, ஊமத்தைப் பலகைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயின்டர் கூலியை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கண்வலி விவசாயி