கால் முளைத்தது தண்ணீருக்குள்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மீனிலிருந்து நான்கு கால் உயிர்கள் வந்த கதையைச் சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். வாசித்த அன்றே அதை எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தாண்டி அறிவியல் கிடைப்பது அரிது. கையில் கிடைக்கும் ஒன்றிரண்டு பக்கங்களை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வார்கள். ஆகவே அக்கட்டுரையில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

பனையேறிக் கெண்டையை 'நம் மூதாதையின் உயிருள்ள சாட்சி' என்று கட்டுரை சொல்கிறது. இந்த மீன் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. இடவப்பாதி மழை வலுத்து வயலும் வாய்க்காலும் ஒன்றாகிற நாட்களில், வரப்புப் புல்லின் மேல் அது நகர்ந்து போவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் அதன் வித்தை புரியும். செவுள் மூடிகளை இருபுறமும் விரிக்கும். மூடியின் ஓரத்திலுள்ள சிறு முட்கள் மண்ணைக் கவ்விக்கொள்ளும். பிறகு வாலை அடித்து உடலை முன்னே தள்ளும். கையும் காலும் செய்ய வேண்டிய வேலையைச் செவுள் மூடிதான் செய்கிறது. காற்றைச் சுவாசிப்பதும் நுரையீரலால் அல்ல, செவுளுக்கு மேலே உள்ள மடிப்புகள் நிறைந்த தனி உறுப்பால்தான். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி இந்த மீனைப் பனைமரத்தில் பிடித்ததாக எழுதி வைத்தார். மரமேறுவதைப் பின்னால் வந்தவர்கள் ஐயுற்றாலும், தரையில் நகர்வதை இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அது வேறு கிளை. விசிறிக் குச்சிகள் போன்ற கதிர்கள் தாங்கும் துடுப்புள்ள மீன்களின் வழி அது. நம்முடைய வழியோ சதைப்பற்றும் எலும்பும் உள்ள துடுப்புடைய மீன்களின் வழி. இரண்டும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று உயிரோடிருக்கும் மீன்களில் நமக்கு மிக நெருங்கிய உறவு ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் வாழும் நுரையீரல் மீன்கள்தான். சதைத் துடுப்புள்ள இன்னொரு மீனான சீலகாந்தின் மரபணுத் தொகுதி பற்றி 2013-ல் வெளியான ஆய்வும் அதையே உறுதிசெய்தது.

இதைவிட முக்கியமானது கட்டுரையோடு வந்த படம். குட்டை வற்றுகிறது, மீன் துடுப்பை ஊன்றித் தவழ்கிறது, அடுத்த கட்டத்தில் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. பல தலைமுறைகளாகப் பாடப்புத்தகங்களில் இருந்த கதைதான் இது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமர் இதைப் பரவலாக்கினார். ஒரு குட்டை வற்றினால் இன்னொரு குட்டைக்குப் போய்ச் சேரக் கால் உதவியது என்பது அவர் வாதம். கால் தோன்றிய காலத்துச் சிவப்புப் பாறைகள் வறட்சியின் அடையாளமாகக் கருதப்பட்டதும் அதற்கு வலுச் சேர்த்தது.

அந்தக் கதையைப் புரட்டிப்போட்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொல்லுயிரியலாளர் ஜென்னி கிளாக் அம்மையார். கிழக்குக் கிரீன்லாந்துக்கு முன்பு போய்வந்த புவியியல் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் கிடைத்த துப்பைப் பிடித்துக்கொண்டு 1987-ல் அங்கே போனார். சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அக்காந்தோஸ்டெகா என்ற நான்கு கால் உயிரின் எலும்புகள் அவருக்குக் கிடைத்தன. அதன் முன்காலில் எட்டு விரல்கள்! உள்ளே செவுளைத் தாங்கிய எலும்புகள், வாலில் மீனைப் போலவே துடுப்பு. மணிக்கட்டோ உடலின் எடையைத் தாங்கும் வலுவில்லாதது. விரல்கள் முழுதாக இருந்தும் அது நிலத்தில் நடமாடிய உயிரல்ல. செடிகொடி மண்டிய ஆழமற்ற நீரில் வாழ்ந்தது. கால் வந்தது தண்ணீருக்குள், தண்ணீரில் வாழும் உயிருக்கு. கரையேறியது அதற்கெல்லாம் பின்னால். இதே காலத்து இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு விரல்கள், ரஷ்யாவில் கிடைத்த டுலெர்பெட்டானுக்கு ஆறு. ஐந்து என்ற கணக்கு நிலைத்ததும் பிறகுதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே தங்கள் கையைப் பார்ப்பார்கள். அந்த வியப்பு உங்கள் கட்டுரையில் இடம்பெறாமல் போனது எனக்குப் பெரிய குறை.

மீனுக்கும் நான்கு கால் உயிருக்கும் இடைப்பட்ட தொல்லுயிரான டிக்டாலிக்கை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டதும் வருத்தம்தான். அதைத் தேடிய விதமே ஒரு பாடம். மீன் போன்றவை சுமார் 38.5 கோடி ஆண்டுப் பாறையில் இருக்கின்றன, காலுள்ளவை 36.5 கோடி ஆண்டுப் பாறையில் இருக்கின்றன, இடைப்பட்டது நடுவேயுள்ள பாறையில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொல்லுயிரியலாளர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் கணித்தார்கள். ஆற்று வண்டல் படிந்த அந்த வயதுப் பாறையைத் தேடிக் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் பலமுறை போனார்கள். 2004-ல் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூக்கு கண்ணில் பட்டது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. ஆனால் தலை முதலையைப் போலத் தட்டையானது. தோளோடு ஒட்டாத தலை என்பதால் கழுத்தைத் திருப்ப முடியும். துடுப்புக்குள் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, அதற்கடுத்து மணிக்கட்டை ஒத்த சிறு எலும்புகள்.

அதற்காக டிக்டாலிக்கை 'நம் பாட்டன்' என்று எழுதிவிடவும் வேண்டாம். போலந்தின் சாகெல்மியே கல் சுரங்கத்தில், அதைவிடக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய கால்தடங்கள் கிடைத்திருப்பதாக 2010-ல் ஆய்வு வெளியானது. அவை கால்தடங்கள்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும் டிக்டாலிக் நேர்வழி முன்னோர் என்பதைவிட, அந்தக் குடும்பத்துப் பங்காளி என்பதே பொருந்தும்.

மத்தியக் கல்வி வாரியத்தின் 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து 2023-ல் பரிணாமப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இந்த விஷயத்தைத் தமிழில் சரியாகச் சொல்லும் பொறுப்பு உங்களைப் போன்ற இதழ்களுக்குக் கூடியிருக்கிறது. 'நடக்க முயன்று முயன்று கால் வந்தது' என்று படத்துக்குக் கீழே போட்ட வரியைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். எந்த உயிரும் முயன்று உறுப்பை வரவழைத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே இருந்த துடுப்பெலும்பில் தலைமுறைதோறும் வந்த சிறு வேறுபாடுகளில், அந்தச் சேற்று நீரில் பிழைக்க உதவியவை தங்கின.

வரும் இதழில் அக்காந்தோஸ்டெகாவை நீருக்குள் நிற்கிற மாதிரி, எட்டு விரல்களும் எண்ணிப் பார்க்கத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வரைந்து ஒரு பக்கம் போடுங்கள். பலகையில் பழைய படத்தை எடுத்துவிட்டு அதை ஒட்டுவேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்