அமிர்தசரஸில் எதை எந்த வேளையில் சாப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கங்களில் வந்த அமிர்தசரஸ் கட்டுரையில் கடைப் பெயர்களும் படங்களும் நிறைவாக இருந்தன. ஆனால் எந்த இடத்திலும் நேரம் குறிப்பிடப்படவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பூரணம் வைத்த குல்சா ரொட்டி, மே மாதப் பயணத்தில் கடுகுக்கீரைக் கடையலான சாக் என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி இங்கிருந்து ரயிலேறும் குடும்பம் இரண்டிலும் ஏமாந்துதான் திரும்பும். அந்த ஊரில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. சிலவற்றுக்குப் பருவமும் இருக்கிறது.

குல்சா காலைப் பலகாரம். மைதா மாவைப் பிசைந்து ஊறவைத்து, நெய் தடவி மடித்து மடித்து அடுக்காக்குகிறார்கள். உள்ளே வேகவைத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், ஒன்றிரண்டாக இடித்த தனியா, உலர்ந்த மாதுளை விதை, ஓமம். பிறகு தந்தூர் அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டிச் சுடுகிறார்கள். கிழங்கில் ஈரம் தங்கியிருந்தாலோ, வெங்காயத்தில் உப்புச் சேர்த்து வெகுநேரம் ஆகிவிட்டாலோ பூரணம் நீர் விட்டுவிடும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் குல்சா ரப்பராக வரும். சில சமயம் சுவரில் நிற்காமல் நழுவித் தணலிலேயே விழும். நல்ல குல்சாவைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். சூட்டோடு எடுத்து மேலே வெண்ணெய் வைத்து, கடைக்காரர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நொறுக்குவார். அப்போது மொறமொறவென்று சத்தம் வரவேண்டும். அந்த நொறுங்கிய இடுக்குகளில்தான் வெண்ணெய் இறங்குகிறது. தொட்டுக்கொள்ளச் சோலே என்ற கொண்டைக்கடலைக் கறியும் வெங்காயம் போட்ட புளிச்சட்னியும் வரும். ரஞ்சித் அவென்யூவில் உள்ள குல்சா லேண்டும் மக்பூல் ரோட்டுக் குல்சாக் கடையும் பலரும் தேடிப் போகிற இடங்கள். காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் போவது நல்லது. மதியம் தாண்டினால் பல கடைகளில் மாவு தீர்ந்துவிடும். பார்சல் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பொட்டலத்துக்குள் ஆவி அடைத்து, பத்தே நிமிடத்தில் மேல்தோல் துவண்டுவிடும்.

குல்சாவுக்குப் பதில் பூரி வேண்டுமென்றால் லாரன்ஸ் ரோட்டில் உள்ள கன்ஹா ஸ்வீட்ஸ். சோலேயோடு புளிப்பும் இனிப்புமாக ஆலூ லௌஞ்சி என்றொரு கிழங்குக் கறி தருவார்கள். அதற்காகவே போகலாம். லஸ்ஸிக்குத் துர்கியானா கோயில் வட்டாரத்தில் அஹூஜா கடை. அங்கே ஒரு டம்ளர் என்பது பெரிய டம்ளர், மேலே ஆடை வேறு. அதனால் பூரியும் லஸ்ஸியும் ஒரே காலையில் வேண்டாம்.

இனி பருப்பு. கட்டுரை 'பஞ்சாபி உணவு' என்ற தலைப்பின் கீழ் பட்டர் சிக்கனையும் க்ரீம் மிதக்கும் உளுந்துப் பருப்பான தால் மக்கனியையும் முன்னால் வைத்தது எனக்கு வருத்தம். அவை டெல்லி உணவகங்களில் உருவானவை. அங்குள்ள தரியாகஞ்சின் மோத்தி மஹால் உணவகத்தோடு சேர்த்தே அவற்றின் கதையைச் சொல்வது வழக்கம். அமிர்தசரஸில் தேடிப் போகவேண்டியது மா கி தால், அதாவது முழுக் கறுப்பு உளுந்து. கேசர் தா தாபா 1916இல் இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷேக்புராவில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் அமிர்தசரஸுக்கு வந்த சைவக் கடை. பாசியாங் சௌக் பக்கம் குறுகிய சந்துக்குள் இருப்பதால் கார் போகாது. டவுன்ஹால் அருகே இறங்கி நடக்கலாம், இல்லையென்றால் ரிக்ஷா. இரவு முழுக்கச் சிறு தீயில் கிடந்த பருப்பை நெய்யோடு தருகிறார்கள். உளுந்தின் தோல் வெடித்து, உள்ளிருக்கும் மாவு கரைந்து தானாகவே கெட்டிப்படுவதுதான் இதன் பக்குவம். தட்டில் ஊற்றிய பருப்பைச் சுற்றி ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால், அது அவசரத்தில் வெந்தது என்று பொருள். வீட்டில் செய்கிறவர்கள் கால் கிலோ உளுந்துக்கு ஒரு கைப்பிடி ராஜ்மா சேர்த்து, இரவே ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிட்டு, அதன்பின் மூடியைத் திறந்து இரண்டு மணி நேரமாவது சிறு தீயில் வைக்கவேண்டும். தக்காளியை முதலிலேயே போட்டால் புளிப்பில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். கேசரில் பருப்போடு அடுக்கடுக்கான லச்சா பராட்டா, கடைசியில் மண்கிண்ணத்தில் ஃபிர்னி என்ற அரிசிப் பால் இனிப்பு. நெய் கனமாக இருக்கும், ஆகவே மதியமே உகந்தது. அந்தச் சந்துக்குள் போகப் பெரியவர்களால் முடியாதென்றால் டவுன்ஹால் பக்கத்திலேயே 1912 முதல் இருக்கும் பராவாங் தா தாபாவுக்குப் போகலாம்.

சாக் விஷயத்தில் கட்டுரையைவிட அதன் கீழே தந்திருந்த செய்முறைதான் அதிகம் தவறு. வெறும் பாலக்கை மிக்ஸியில் அரைத்தால் அது சாக் ஆகாது. கடுகுக்கீரை குளிர்காலத்தில் வருவது; நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால்தான் ருசி. ஒரு கிலோ கடுகுக்கீரைக்குக் கால் கிலோ பாலக், கால் கிலோ பத்துவா, அதாவது நம் சக்கரவர்த்திக் கீரை. கடுகுத் தண்டின் நாரை உரித்துவிட்டு நறுக்கவேண்டும். உரிக்காவிட்டால் எவ்வளவு வெந்தாலும் வாயில் நார் தட்டும். இஞ்சி, பச்சை மிளகாய், உப்போடு ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் வேகவைத்து, மர மத்தால் கடையவேண்டும். மிக்ஸி அதைக் கொழகொழப்பாக்கிவிடும். மூன்று மேசைக்கரண்டி மக்காச்சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, இன்னும் இருபது நிமிடம் கிளறினால் கசப்பு அடங்கிக் கெட்டிப்படும். மாவை உலர்வாகத் தூவினால் கட்டி தட்டும். இருபது நிமிடத்துக்கு முன்பே இறக்கினால் பச்சை மாவு வாசனை நிற்கும். தாளிப்பு நெய்யில், கொஞ்சம் பூண்டு. கூட வரும் மக்கி ரொட்டிக்கு, அதாவது மக்காச்சோள ரொட்டிக்குச் சுடுதண்ணீர் விட்டு ஒன்றிரண்டு ரொட்டிக்கான மாவை மட்டும் அவ்வப்போது பிசையவேண்டும். மக்காச்சோளத்தில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. மொத்தமாகப் பிசைந்து வைத்தால் மாவு உலர்ந்து, தட்டும்போது விளிம்பெல்லாம் வெடித்துப்போகும்.

மாலையில் மீன். அட்டாரி எல்லைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நேராக மஜீட்டா ரோட்டுக்குப் போய்விடலாம். மக்கன் ஃபிஷ் என்ற கடை அங்கேதான். கடலைமாவு, ஓமம், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை கலந்த மேல்மாவில் மீனை முக்கி ஒரு தடவை அரைவேக்காடாகப் பொரித்து எடுத்து, கேட்கும்போது மறுபடி பொரித்துத் தருவார்கள். சிங்காடா என்ற கெளுத்தி வகை மீனைக் கேளுங்கள். சிறுமுள் தொல்லை குறைவு. வறுத்த கோழி வேண்டுமானால் அதே சாலையில் பீரா சிக்கன் கடை.

பொற்கோயில் லங்கரைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. இரவும் பகலும் யாருக்கும் இலவசமாக நடக்கும் அன்னதானம் அது. தலையை மூடி, செருப்பைக் காப்பிடத்தில் விட்டு, வரிசையில் தரையில் உட்காரவேண்டும். பருப்பு, ரொட்டி, ஒரு காய், பெரும்பாலும் கீர் என்ற பாயசமும் இருக்கும். ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தித்தான் வாங்கவேண்டும். ஒற்றைக் கையை நீட்டுவது மரியாதையாகாது. எத்தனை முறை கேட்டாலும் தருவார்கள், வாங்கியதை மீதம் வைக்கக்கூடாது. கையில் நேரம் இருப்பவர்கள் பாத்திரம் கழுவும் இடத்திலோ பூண்டு உரிக்கும் இடத்திலோ போய் உட்கார்ந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஊருக்கு வாங்கிவர உளுந்து வடி இருக்கிறது. கடைவீதிகளில் எலுமிச்சை அளவில், மிளகு தூக்கலாகக் கிடைக்கும் வற்றல் அது. நான்கு பேர் குழம்புக்கு இரண்டே போதும், அதற்கு மேல் போட்டால் காரம் தாங்காது. நாலாக உடைத்து, எண்ணெயில் சிவக்க வறுத்தபிறகே உருளைக்கிழங்குக் குழம்பில் சேர்க்கவேண்டும். வறுக்காமல் போட்டால் வெளியே கரைந்துபோய் நடுவில் கல்லாக நிற்கும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
சேலம்.