ராஜாவின் கட்டத்தில் மட்டும் எண் இல்லை: ஸ்டாக்ஃபிஷ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

செஸ் ஆடும் ஸ்டாக்ஃபிஷ் நிரலை எழுதிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவன் நான். உங்கள் நிரலுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை, நீங்களும் கேட்டதில்லை. அதனால் இதைப் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான்.

2020 ஜனவரியில் வந்த 11ஆம் பதிப்பில், கறுப்புத் திரையில் ‘ஈவல்’ என்று தட்டினால், பலகையில் யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று மதிப்பிடும் ஓர் அட்டவணை வரும். காய்களின் மதிப்பு, நடமாட்டம், மிரட்டல்கள் என்று வரிவரியாக இருக்கும். நடுவில் ‘கிங் சேஃப்டி’, அதாவது ராஜாவின் பாதுகாப்பு, என்றும் ஒரு வரி. என் வகுப்பு பாதி அந்த வரியை நம்பித்தான் ஓடியது. சிசிலியன் டிராகன் என்ற தொடக்க ஆட்டத்தில் வெள்ளை எச்6க்குப் பிஷப்பைக் கொண்டுவந்து, கறுப்பு ராஜாவைக் காக்கும் ஜி7 பிஷப்பை வெட்டுக்கு வெட்டு மாற்றிக்கொள்ளுமே, அந்த இடத்தை வைத்து, மாற்றத்துக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் தட்டச் சொல்வேன். இரண்டு பக்கமும் ஒரு பிஷப் போனதால் காய்க்கணக்கு சமமாகவே இருக்கும். ராஜா வரியைப் பாருங்கள் என்பேன்.

அதன் பின்னால் இருந்த கணக்கு பிள்ளைகளுக்கே புரியும். ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களைத் தாக்கும் குதிரைக்கு 81, பிஷப்புக்கு 52, யானைக்கு 44. இவற்றைக் கூட்டி, தாக்கும் காய்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். தனிக் குதிரை என்றால் 81தான். யானையும் கூட வந்தால் 125 இரண்டு மடங்காகி 250. பிஷப்பும் சேர்ந்தால் 531. ‘தனியாகப் போய்த் தாக்காதே, ஆள் சேர்த்துக்கொண்டு போ’ என்று தொண்டை வறளச் சொல்வதை மூன்று எண்கள் சொல்லிவிடும்.

“ராணிக்கு எவ்வளவு சார்?” என்றான் ஒருவன். 10 என்றேன். நம்பவில்லை. ராணி பத்திரமாக செக் கொடுக்க முடிந்தால் அதற்குத் தனிக் கணக்கு உண்டு, எதிராளியிடம் ராணியே இல்லையென்றால் ராஜாவின் ஆபத்துக் கணக்கில் 873 கழியும் என்று காட்டிய பிறகுதான் அடங்கினான்.

கடைசியில் வருவதுதான் எனக்குப் பிடித்தது. இப்படிச் சேர்ந்த ஆபத்தை அதனாலேயே பெருக்கி 4096ஆல் வகுப்பீர்கள். 1000 என்றால் 244, 2000 என்றால் 976. நடு ஆட்டத்தில் சிப்பாயின் மதிப்பு 128. ஆக முதலாவது இரண்டு சிப்பாய்க்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவது ஏழரைச் சிப்பாய்க்கும் மேல். ஏழரை என்றதும் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் சிரிப்பார்கள்.

அப்புறம் 2020 செப்டம்பரில் 12ஆம் பதிப்போடு, கையால் எழுதிய விதிகளுக்குப் பதில் பயிற்சியால் மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலை வந்தது. 2024 பிப்ரவரியில் 16.1 வந்தபோது பழைய மதிப்பீடு மொத்தமாகப் போய்விட்டது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க மாட்டேன். வலை அதைவிடப் பல மடங்கு கெட்டி. வேடிக்கை என்னவென்றால், ராஜாவை அது மறக்கவும் இல்லை. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு என்பவர் 2018இல் உருவாக்கிய அந்த வலை முறையில், ஒரு காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ராஜா நிற்கும் கட்டத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் எடுத்துக்கொண்ட அமைப்பில் ராஜாவுக்கு 64 கட்டம், காய்க்கு 64 கட்டம், காய் வகை 10: பெருக்கினால் 40,960. ஒவ்வொன்றிலும் ராஜா இருக்கிறார். ஆனால் அவரைப் பற்றி ஒரு வரிகூட வெளியே வருவதில்லை.

இப்போதும் ‘ஈவல்’ தட்டலாம். பலகை வரும், ஒவ்வொரு காயின் கீழும் ஒரு எண் இருக்கும். அந்தக் காயை எடுத்துவிட்டால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதுதான் அந்த எண். ராஜாவை எடுக்க முடியாதே, அதனால் அவர் கட்டம் காலி. “ராஜாவுக்கு மட்டும் மார்க் போடலையே சார்” என்றாள் ஒரு சிறுமி.

பழைய பதிப்பை இறக்கிக்கொள் என்பீர்கள். இறக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பழையது ராஜா பத்திரம் என்று சொல்லும் இடத்தில் புதியது ஆட்டமே போச்சு என்றால், எதை நம்புவது என்று பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். ராஜாவை எடுக்க வேண்டாம், நகர்த்திப் பாருங்கள். ஜி8இல் இருப்பவரை எச்8, எஃப்8 என்று பக்கத்தில் செக் விழாத காலிக் கட்டங்களில் ஒவ்வொன்றாக வைத்து, மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்று அச்சிடுங்கள். ‘ஈவல்’ தட்டினால் மட்டும் ஓடும் வேலை என்பதால் ஆட்டத்தில் நகர்வுகளைத் தேடும் வேகம் குறையாது. அது பழைய வரிக்கு ஈடாகாது, தெரியும். ஆனாலும் ராஜா எங்கே நின்றால் எவ்வளவு என்று வலையே சொல்லும். ஏன் என்பதை வகுப்பில் நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு செஸ் வாத்தியார்