பண்டிகை லாட்டேயில் காபி எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி நெருங்கினால் காபி ஷாப்களில் குலாப் ஜாமூன் லாட்டே (பால் தூக்கலான காபி), மைசூர்பா ஐஸ் காபி என்று ‘சில நாட்களுக்கு மட்டும்’ பலகை தொங்கத் தொடங்கிவிடுகிறது. குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரிந்தால் காசு வீணாகாது.

350 மில்லி கப்பில் எஸ்பிரஸோ (மெஷினில் இறக்கும் கெட்டி டிகாக்‌ஷன்) ஒரே ஷாட், அதாவது ஒரு அளவு மட்டும் விட்டால் அதில் காபி 30 மில்லிதான். மீதியெல்லாம் பாலும் சிரப்பும். ‘காபி வாசனையே இல்லை’ என்ற குறைக்குக் காரணம் கொட்டை அல்ல, இந்தக் கணக்கு. சின்ன கப்பில் இரண்டு ஷாட் கேளுங்கள். கசப்பு இருந்தால்தான் இனிப்பு திகட்டாது.

30 மில்லி சிரப்பிலேயே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதன்மேல் க்ரீம், ஜாமூன் துண்டு, போதாதற்கு ஜீரா. நாள் முழுவதற்கும் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (பாலில் இயல்பாக உள்ள இனிப்பு இந்தக் கணக்கில் வராது). ‘சிரப் பாதி, க்ரீம் வேண்டாம்’ என்று பில் போடும்போதே சொல்லிவிட வேண்டும். கலந்த பிறகு எடுக்க முடியாது.

ஐஸ் போட்டதைவிடச் சூடானதே மேல். குளிர்ச்சியில் இனிப்பு நாக்குக்கு மந்தமாகத்தான் தெரியும் என்பதால் சிரப்பைக் கூட்டி விடுவார்கள். மைசூர்பாத் தூளில் இருக்கும் நெய்யும் ஐஸ் பட்டதும் உறைந்து, மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். ஸ்ட்ரா அடைத்துக்கொள்வது தனி வேடிக்கை.

வெல்லம் சேர்த்த வகையில் சிக்கல் வேறு. கொதிக்கும் பாலில் வெல்லம் போட்டால் திரியும் என்பது அடுக்களையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; மெஷின் வைத்த கடையில் மட்டும் திரியாமல் இருக்குமா? ஆறிய பாகை எஸ்பிரஸோவில் கரைத்து, 60 டிகிரி அளவில் சூடேற்றிய பாலைக் கடைசியாக ஊற்ற வேண்டும். திப்பி திப்பியாக வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் என்றால் முதல் டிகாக்‌ஷன் 60 மில்லி, பால் 100 மில்லி, ஜாமூன் ஜீரா 2 டீஸ்பூன் போதும். வேறு சர்க்கரை வேண்டாம். சிக்கரி கலந்த தூளே இதற்குத் தோது.

10 கிளைகளுக்குக் குறையாத உணவகங்கள் மெனுவில் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. கலோரியைப் பார்த்து, அதில் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? பண்டிகைப் பலகையில் விலைக்குப் பக்கத்திலேயே சேர்த்த சர்க்கரை எத்தனை கிராம், எஸ்பிரஸோ எத்தனை ஷாட் என்ற இரண்டையும் எழுத ஆணையம் உத்தரவிட வேண்டும்.

– காபித் தொழிலில் உள்ள வாசகர்கள், கோவை