காலியிடமே இல்லாத விளம்பரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வேலை தேடுவோருக்குச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட யோசனைகளைப் படித்தேன். ரெஸ்யூமை இரண்டு பக்கத்துக்குள் சுருக்குங்கள், லிங்க்ட்இன் பக்கத்தைப் புதுப்பித்து வையுங்கள், தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள், மனம் தளராதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். வேலை தேடுகிறவர்களில் பெரும்பாலோர் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் விளம்பரம் போடுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஆட்குறைப்பில் வேலை போனது. நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்திருக்கும் நேரத்தில் தேடுவது கஷ்டம் என்று தெரிந்துதான் இறங்கினேன். போட்டி அதிகம் என்றால் அதைப் புரிந்துகொள்ளலாம். வேலையே இல்லாத இடத்துக்கு ஆள் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

விண்ணப்பிப்பது என்றால் என்ன என்று, தேடிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நிறுவனத்தின் தளத்துக்குப் போனதும் முதலில் ஒரு கணக்கு தொடங்கச் சொல்லும். ரெஸ்யூமை ஏற்றினால் அதைத் தானே படித்துக் கட்டங்களை நிரப்பிக்கொள்ளும் என்று போட்டிருக்கும். ரெஸ்யூமை இடது, வலது என இரண்டு பத்தியாகப் பிரித்து அமைத்திருந்தால் போச்சு. நிறுவனத்தின் பெயர் பதவிக்கான கட்டத்திலும், பதவி படிப்புக்கான கட்டத்திலும் போய் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கையால் தட்ட வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி என்று காலண்டரை மாதம் மாதமாகப் பின்னால் தள்ள வேண்டும். அப்புறம் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. எவ்வளவு தருவார்கள் என்று விளம்பரத்தில் இருக்காது. கூடுதலாகக் கேட்டால் ஒதுக்கிவிடுவார்களோ, குறைத்துக் கேட்டால் அதிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று யோசித்து ஏதோ ஒரு எண்ணைப் போட்டு முடிக்கும்போது முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். உடனே ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று ஒரு மின்னஞ்சல், பதில் போட முடியாத முகவரியிலிருந்து வரும். அத்தோடு சரி. கிணற்றில் போட்ட கல்தான்.

இதே விளம்பரம் சில வாரம் கழித்து ‘புதியது’ என்ற அடையாளத்தோடு மறுபடி மேலே வரும். அந்த வேலைக்கு உண்மையில் ஆள் எடுக்கிறார்களா? எடுக்காமலே விளம்பரம் போடுவதற்குக் காரணங்கள் உண்டு. பின்னால் தேவைப்படும் என்று ரெஸ்யூம்களைச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் வளர்கிறது என்று வெளியே காட்டிக்கொள்ளப் போடுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு, விளம்பரம் செய்தாக வேண்டும் என்ற விதிக்காகப் போடுவதும் நடக்கிறது. செலவுக்கு அனுமதி நின்றுபோன பிறகும் விளம்பரத்தை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு தளத்தில் வந்ததை வேறு தளங்கள் தாமாக எடுத்துப் போட்டுக்கொள்வதால், மூல விளம்பரம் போன பிறகும் நகல் நிற்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் முக்கால் மணி நேரம் செலவழித்தவருக்கு நஷ்டம் ஒன்றுதான்.

இரண்டு தரப்பும் இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எது உண்மையான விளம்பரம் என்று தெரியாததால் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கிறோம். ஒரே சொடுக்கில் அனுப்பும் வசதி வேறு இருக்கிறது. நிறுவனத்தில் விண்ணப்பங்கள் குவிகின்றன. மனிதர் படிக்க முடியாது என்று மென்பொருளை வைத்து வடிகட்டுகிறார்கள். வடிகட்டியைத் தாண்டுவதற்காக, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏற்ற மாதிரி ரெஸ்யூமை மாற்றி எழுதுகிறார்கள். இயந்திரம் எழுதியதை இயந்திரமே படிக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். அந்த வடிகட்டியாவது பாரபட்சம் இல்லாததா என்றால் அதுவும் இல்லை. அமேசான் நிறுவனம் ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண் போட ஒரு மென்பொருளை உருவாக்கிப் பார்த்தது. முந்தைய பத்தாண்டுகளில் வந்த ரெஸ்யூம்களைக் கொடுத்துப் பழக்கியதில், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், அது பெண்களின் ரெஸ்யூம்களுக்கு மதிப்பைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. அமேசான் அதைக் கைவிட்டுவிட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது. அங்கே உட்கார்ந்து சோதித்துப் பார்த்ததால் பிழை தெரிந்தது. மற்ற இடங்களில் யார் சோதிக்கிறார்கள்?

தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள் என்ற யோசனையில் உண்மை இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது அடிக்கடி பார்க்கும் நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான் என்று காட்டினார். லிங்க்ட்இன் பயன்படுத்தும் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022-இல் வெளியான ஆய்வும், நெருக்கம் அதிகமில்லாத தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்றது. ஆனால் அப்படிப்பட்ட தொடர்புகள் எல்லோருக்கும் அமைவதில்லை. குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து வந்தவருக்கு, புது ஊருக்குக் குடிபோனவருக்கு, குழந்தை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு யார் சிபாரிசு செய்வார்கள்? யாரையும் தெரியாதவரும் தகுதியை மட்டும் காட்டி உள்ளே வரலாம் என்பதுதான் பொது விளம்பரத்தின் அர்த்தம். அது பொய்யானால் அதிகம் இழப்பவர்கள் இவர்கள்தான்.

பதில் சொல்லாமல் விடுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என் தோழி ஒருத்திக்கு ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று இன்டர்வியூ நடந்தது. ஒரு சுற்றில் கணினித் திரையில் கேள்வி வரும், எதிரே ஆள் கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும் தன் முகத்தையும் பார்த்தபடியே அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு சுற்றுக்காகச் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒரு அறிக்கை தயாரித்துக் கொடுத்தாள். ‘சீக்கிரம் சொல்கிறோம்’ என்றார்கள். அதை நம்பி, சம்பளம் குறைவான வேறொரு வேலையை ஏற்காமல் விட்டுவிட்டாள். அங்கிருந்து இன்றுவரை தகவல் இல்லை. ‘இல்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் அந்த இன்னொரு வேலையில் சேர்ந்திருப்பாள்.

அத்தனை பேருக்கு எப்படிப் பதில் போடுவது என்று ஹெச்.ஆர். பிரிவில் கேட்பார்கள். நன்றி மின்னஞ்சலை எந்த மென்பொருள் நொடியில் அனுப்புகிறதோ அதே மென்பொருளால் ‘இந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது’ என்பதையும் அனுப்ப முடியும். அனுப்பச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மௌனத்தால் லாபம் அடைகிறவர்கள் மோசடிக்காரர்கள். மாதக்கணக்கில் ஒரு பதிலும் காணாதவருக்கு முதலில் பதில் போடுபவர்கள் அவர்கள்தான். வாட்ஸ்அப்பில் ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்’ என்று மரியாதையாகப் பேசுவார்கள், நிறுவனத்தின் முத்திரையோடு கடிதமும் அனுப்புவார்கள். பிறகு பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், சரிபார்க்க அடையாள அட்டை, ஓடிபி. படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். ஒரு மனிதர் தம் பெயரைச் சொல்லிப் பேசியதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும். வேலை வாங்கித் தரும் தனியார் ஏஜென்சிகள் தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த 181-ஆம் உடன்படிக்கை பொது விதியாகவே சொல்கிறது. வேலைக்காகப் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள் என்று நீங்கள் பெட்டிச் செய்தியாகவே போட்டிருக்கலாம்.

நான் கேட்பது நடக்காத காரியமும் அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் சட்டமே வந்துவிட்டது. பொது விளம்பரத்தில் காலியிடம் உண்மையில் இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, விண்ணப்பங்களைச் சலிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறார்களா என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்று தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த நெறியுரையின்படி, ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்பதை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. என் தோழிக்கு நடந்ததை நினைக்கும்போது அந்த 45 நாள் விதி எவ்வளவு அருமையானது என்று தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் இதழிலும் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வருகின்றன. காலியிடம் இப்போது உண்டா, சம்பளம் எதிலிருந்து எதுவரை, எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார்கள் என்ற விவரங்களைத் தருபவர்களின் விளம்பரத்தை மட்டும் வாங்குங்கள். சென்ற இதழில் எங்களுக்கு ஒதுக்கிய அதே அளவு இடத்தை, ஆள் எடுப்பவர்களுக்கான யோசனைகளுக்கும் ஒரு முறை ஒதுக்குங்கள். தேவைப்பட்டால் என்னைப் போலத் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் பேசுங்கள். நாங்கள் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வேலை தேடிக்கொண்டிருக்கும் வாசகி